கீழிருந்து எழுதிய மனு

மனு என்றதும் நம் தோழர்களுக்கு வேறொரு மனுதான் நினைவிற்கு வரும். அது மேலே அமர்ந்திருந்தவன் கீழே கிடப்பவனுக்கு எழுதியது. இன்னார் இன்னது செய்க, மீறினால் இன்ன தண்டம் என்று விதித்தது. இங்கு நாம் காணப்போவது கீழே கிடந்தவன் மேலே இருந்தவனுக்கு எழுதிய மனு. அது விதிக்கவில்லை, வேண்டிற்று, மிரட்டவில்லை, மன்றாடிற்று. ஆயினும், அயர்லாந்து நாட்டிலே ஆதிக்கக் கோட்டையை அசைத்த கருவிகளின் வரிசையில் இந்த ஏழைத் தாளுக்கும் ஓர் இடம் உண்டு. எப்படி வந்தது அந்த இடம்? மன்றாடிய தாள் எப்போது மக்கள் இயக்கமாயிற்று? ஆராய்ந்து பார்க்கத் தக்க வரலாறு அது.

கோட்டை

1798-ல் அயர்லாந்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். குருதி வெள்ளத்திலே அக்கிளர்ச்சி மூழ்கடிக்கப்பட்டது. அடுத்து வந்தது இணைப்புச் சட்டம். 1801 ஜனவரி முதல் நாளோடு டப்ளின் நகரத்துப் பார்லிமெண்டு மறைந்தது. லண்டன் காமன்ஸ் சபையிலே 100 இடங்கள் அயர்லாந்துக்கு என்றனர். அந்த 100 இடங்களில் ஒன்றிலேனும் ஒரு கத்தோலிக்கன் அமர இயலாது. தன் மதக் கோட்பாட்டைத் தானே மறுத்துரைக்கும் உறுதிமொழி எடுத்தால்தான் உள்ளே நுழையலாம்! நாட்டு மக்களிலோ ஐவரில் நால்வர் கத்தோலிக்கர். ஐவரில் நால்வருக்கு அடைத்த கதவுக்குப் பெயர் மக்கள் மன்றம்!

பார்லிமெண்டு போயிற்று, டப்ளின் கோட்டை இருந்தது. மன்னனின் பெயரால் ஆள வைசிராய். அவருக்கு அடுத்து தலைமைச் செயலாளர். அவருக்கும் அடுத்து, அன்றாட அலுவல் அனைத்தையும் நடத்தும் துணைச் செயலாளர். இவர்களை நாட்டு மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை; நீக்கவும் இயலாது. வைசிராய்கள் வருவர், போவர். 1812 முதல் 1830 வரை துணைச் செயலாளர் நாற்காலியிலே ஒரே ஆள், வில்லியம் கிரெகரி, அமர்ந்திருந்தார். கோட்டையின் நினைவாற்றல் அவரே. கோட்டையின் பிடிவாதமும் அவரே.

அந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்த சில பெருமான்களை நாமும் அறிவோம். இணைப்புச் சட்டம் நிறைவேறியபோது அங்கே வைசிராயாக இருந்தவர் காரன்வாலிஸ்; வங்காளத்திலே ஜமீன்தாரி முறைக்கு நிலையான முத்திரையிட்ட அதே காரன்வாலிஸ். 1821 இறுதியில் அங்கு வைசிராயாகச் சென்றவர் வெல்லெஸ்லி பிரபு. 1799-ல் திப்புவின் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோதும், கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபோதும் இங்கே கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தவர். அவரே அயர்லாந்து மண்ணில் பிறந்தவர் என்பது வரலாற்றின் நையாண்டி! ஆட்சி என்பது அவர்களுக்கு ஒரே தொழில். நாடுகள் அந்தத் தொழிலின் கிளைக் கடைகள்.

தாள் சென்ற வழி

நாடோ பசியால் வாடிய நாடு. நிலம் பெருநிலக்கிழாருக்கு, அவர்களிற் பலர் லண்டனிலே வாழ்வர். குத்தகை வாங்க ஓர் இடைத்தரகன். அவனுக்குக் கீழே இன்னொருவன். அடித்தட்டிலே உருளைக் கிழங்கை நம்பி உயிர் வாழும் உழவன். வழக்கை விசாரிக்கும் மாஜிஸ்டிரேட்டு யார்? பெரும்பாலும் அதே நிலக்கிழார், அல்லது அவருடைய உறவினர், அல்லது பிராட்டஸ்டண்டுப் பாதிரியார்! அவர் வீட்டு வாயிலே நீதிமன்றம். அவர் மனநிலையே சட்டம். மாஜிஸ்டிரேட்டுகள் பலர் கூடிப் பொதுவிடத்தில் அமர்ந்து சிறு வழக்குகளை விசாரிக்கும் முறை 1820-க்குப் பின்னரே ஊர்தோறும் வரலாயிற்று.

இந்நிலையில் எளியவன் எங்கே முறையிடுவான்? கோட்டைக்கு எழுதினான். ஆயிரமாயிரம் பேர் எழுதினர்.

ஆடு திருடிய குற்றத்திற்காக ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றவன், குழந்தைகளின் பசியைச் சொல்லி எழுதினான். நாடு கடத்தப்பட்டவனின் மனைவி, தன்னையும் மக்களையும் அவன் இருக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கே அனுப்பிவிடுமாறு வேண்டினாள். உளவு சொன்னதால் ஊராரின் பகையைத் தேடிக்கொண்டவன் கூலி கேட்டான். நெசவாளி வேலையின்மையைச் சொன்னான். மீனவன் உடைந்த படகைச் சொன்னான். கைம்பெண் தன் மாட்டை ஓட்டிச் சென்ற வரித் தண்டலாளனைப் பற்றிச் சொன்னாள். அயர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவிற்குக் கப்பலேற்றப்பட்ட கைதிகள் ஏறத்தாழ 40,000 பேர். அந்தக் கப்பல்களுக்குப் பின்னே எத்தனை குடிசைகளின் கண்ணீர்!

எழுதியவர் யார்? பெரும்பாலும் மனுதாரர் அல்லர். 1841-ம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேகூட, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 53 விழுக்காட்டினர் எழுதப் படிக்க அறியாதவர்கள். மேலும் உழவனின் வீட்டு மொழி பல மாவட்டங்களில் ஐரிஷ். கோட்டைக்குத் தெரிந்த மொழி ஆங்கிலம். தன் துயரைத் தன் மொழியிலே சொன்னால் ஆட்சியின் காதில் ஏறாது. ஆகவே ஊர் வாத்தியாரிடம் ஓடினான். கத்தோலிக்கர் பள்ளி நடத்தலாகாது என்று முந்தைய நூற்றாண்டின் தண்டனைச் சட்டங்கள் தடுத்திருந்த காலத்திலே, வேலியோரங்களிலும் கொட்டில்களிலும் பாடம் சொன்னவர்களின் வழிவந்தவர் அந்த வாத்தியார். வேலிப் பள்ளிகள் எனப்பட்ட அவை 1820-களிலே சுமார் 9,000 இருந்தன. அந்த வாத்தியார் அறிந்த ஆங்கிலம் அடுக்குமொழி ஆங்கிலம். மேன்மை தங்கிய பிரபு அவர்களுக்கு என்று தொடங்குவார். பணிவன்புடன் தெரிவிப்பது என்று தொடர்வார். மனுதாரர் என்றென்றும் தங்கள் நலனுக்காகத் தொழுதுகொண்டிருப்பார் என்று முடிப்பார்.

படிக்கும்போது நமக்குக் கூசுகிறது. இத்தனை குனிவா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் உற்று நோக்குவோமாயின் அந்தக் குனிந்த சொற்களுக்கு நடுவே நிமிர்ந்த செய்தி ஒன்று நிற்கக் காண்போம். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் எனக்கு இன்ன கொடுமை இழைத்தார். உங்கள் சட்டப்படியே அது தவறு என்கிறது மனு. தலையும் வாலும் அடிமையின் மொழி. நடுவிலே இருப்பது குடிமகனின் மொழி.

கோட்டையிலே தாளுக்கு என்ன நடந்தது? 1818 முதல் ஒவ்வொரு தாளுக்கும் எண் கொடுத்துப் பதிவு செய்தனர். தண்டனைக் குறைப்புக் கேட்ட மனு, தண்டனை விதித்த நீதிபதியிடமே கருத்துக் கேட்டுச் சென்றது. மாஜிஸ்டிரேட்டின் மீது வந்த புகாருக்கு, அந்த மாஜிஸ்டிரேட்டிடமே விளக்கம் கேட்கப்பட்டது! கோழி நரியைப் பற்றிப் புகார் கூறினால், நரியின் மறுமொழி பெற்று, நன்கு ஆய்ந்து, கோழிக்குத் தெரிவிப்பது என்னே நீதி! தாளின் முதுகிலே ஒரு வரி எழுதுவர்: சட்டம் தன் வழியே செல்லும். அந்த ஒரு வரியிலே ஒரு குடும்பம் சிதறும், கப்பல் புறப்படும்.

சில மனுக்கள் வென்றதுண்டு. சாவுத் தண்டனை நாடுகடத்தலாயிற்று, நாடுகடத்தல் சிறையாயிற்று, மனைவிமார் சிலருக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. அதனாலேயே அடுத்தவனும் எழுதினான். கருணை எப்போதேனும் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஆட்சிக்குப் பெரிய காவல். நூறு பேரில் ஒருவனுக்குக் கதவைத் திறந்து, மற்ற தொண்ணூற்றொன்பது பேரையும் வரிசையில் நிற்கவைக்கும் கலை அது.

ஊருக்கே தண்டம்

ஒருவன் குற்றத்திற்கு ஊரே தண்டம் கட்டிய கதையும் உண்டு. வடக்கே டோனிகால் மாவட்டத்து மலைப்புறங்களில் உழவர்கள் வாற்கோதுமையிலிருந்து கள்ளச் சாராயம் காய்ச்சினர். குத்தகைப் பணம் கட்ட வேறு வழியற்ற பகுதி. வடிகலம் ஒன்று எங்கேனும் கண்டெடுக்கப்பட்டால், அந்தச் சிற்றூர் முழுவதுமே தண்டம் கட்ட வேண்டுமென்றது சட்டம். காய்ச்சியவன் ஓடிவிடுவான், காய்ச்சாதவனின் மாடு ஏலத்திற்குப் போகும். பிடித்தவனுக்கோ பங்கு உண்டு. ஆகவே பிடிப்பதற்காகவே வடிகலங்கள் கொண்டுவந்து வைக்கப்பட்டன என்ற புகார்களும் எழுந்தன. அப்பகுதியின் பிராட்டஸ்டண்டுப் பாதிரியாரான எட்வர்டு சிசெஸ்டர், வரித்துறையினரின் கொடுமைகளை விவரித்து 1818-ல் லண்டனிலே ஒரு நூலை வெளியிட்டார். ஆளும் மதத்தின் பாதிரியே அச்சிட்டுக் கூறிய பின்னர்தான் பெரிய இடத்துக் காதுகள் சற்றே அசைந்தன. உழவன் சொன்னபோது அது முணுமுணுப்பு. பாதிரி சொன்னபோது அது தகவல்!

இரவிலே எழுதிய கடிதம்

இவை அனைத்தினும் கொடியது, மதத்தின் பெயரால் வாங்கப்பட்ட வரி. விளைச்சலிலே பத்தில் ஒரு பங்கு பிராட்டஸ்டண்டுத் திருச்சபைக்கு. கொடுப்பவன் கத்தோலிக்கன், அந்தக் கோயிலின் வாயிலை அவன் மிதித்ததே இல்லை. அவன் நம்பாத சாமிக்கு அவன் வயிற்றிலிருந்து படையல்! அதிலும் ஒரு சூது: 1735-ல் டப்ளின் பார்லிமெண்டின் நிலக்கிழார்கள் ஒரு தீர்மானம் செய்து, தங்கள் மேய்ச்சல் நிலங்களை அந்த வரியிலிருந்து விடுவித்துக்கொண்டனர். ஆயிரம் ஏக்கரில் மாடு மேய்ப்பவனுக்கு வரி இல்லை. தெற்கே மன்ஸ்டர் மாகாணத்திலோ அரை ஏக்கரில் கிழங்கு பயிரிட்டவனுக்கு வரி உண்டு!

1821-ல் மழை மிகுந்து கிழங்கு அழுகிற்று. 1822 வசந்தத்திலே மேற்கும் தெற்கும் பசியால் துடித்தன. கோட்டைக்கு மனுக்கள் குவிந்தன. அதே பருவத்திலே மனு எழுதிய கையே இன்னொரு வகைக் கடிதமும் எழுதத் தொடங்கிற்று. லிமெரிக் மாவட்டத்து கோர்ட்னி பிரபுவின் பண்ணையிலே, புதிய கணக்கப்பிள்ளையின் கெடுபிடியால் மூண்ட நெருப்பு தென் மாவட்டங்களெங்கும் பரவிற்று. கதவுகளில் இரவோடிரவாக அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. கையொப்பம்: கேப்டன் ராக். அப்படி ஓர் ஆள் இல்லை. அது ஆயிரவர்க்கு ஒரு பெயர். குத்தகையைக் குறை, வெளியேற்றப்பட்டவன் நிலத்தை எடுக்காதே, கோயில் வரி கட்டாதே என்றன அக்கடிதங்கள். அரசாங்க அறிக்கையின் நடையையே அவை அணிந்துகொண்டன. பகலிலே மனுதாரராகப் பணிந்த மொழி, இரவிலே கட்டளையிட்டது.

கோட்டை மறுமொழி தந்தது. அந்த மறுமொழிக்கு எண்ணும் பதிவும் தேவைப்படவில்லை. 1822-ல் கிளர்ச்சி அடக்குமுறைச் சட்டம்: மாலைப் பொழுது சாய்ந்த பின் வீட்டில் இல்லாதவனை, ஜூரி இன்றியே விசாரித்து ஏழாண்டு நாடு கடத்தலாம். தூக்குமரங்களும் கப்பல்களும் பேசின.

பகுத்தறிவாளர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் இங்குண்டு. அந்த எளிய மக்களிடையே ஓர் ஆரூடம் உலவிற்று. பாஸ்டரினி என்ற புனைபெயரில் கத்தோலிக்க பிஷப்பு ஒருவர் முந்தைய நூற்றாண்டில் எழுதிய நூலைக் காட்டி, 1825-ல் பிராட்டஸ்டண்டு மதம் அழிந்தொழியும் என்றனர். மக்கள் நம்பினர். 1825 வந்தது, போயிற்று. வரி அப்படியே இருந்தது. கோட்டை அப்படியே இருந்தது. வானத்தைப் பார்த்து நாளெண்ணியவனுக்கு ஒரு செம்புக் காசு விடுதலைகூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுகளிலேயே அந்தச் செம்புக் காசைச் சேர்க்கத் தொடங்கியவனுக்குத்தான் விடுதலையின் வாயில் தெரிந்தது.

ஒரு பென்னி

1805-ல் கத்தோலிக்கப் பெருமக்கள் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினர். பிரதமர் பிட் அதைக் கொடுக்கவும் மறுத்தார், பாக்ஸ் கொண்டுவந்தார். காமன்ஸ் சபையில் எதிர்ப்பு 336, ஆதரவு 124. பிரபுக்கள் சபையில் எதிர்ப்பு 178, ஆதரவு 49. மீண்டும் மனு, மீண்டும் மறுப்பு. மனுவை எழுதப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்போம் என்றனர். அதற்கும் தடை! 1793-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மனு தயாரிக்கும் பெயரால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் கூடுவது குற்றமென்றது. 1811-ல் கோட்டை அதைக் கையிலெடுத்தது. தனியொருவனாக அழு, கேட்கிறோம்; சேர்ந்து பேசாதே என்பதுதான் அதன் பொருள். ஆட்சி எதற்கு அஞ்சிற்று என்பது இப்போது விளங்குகிறதல்லவா? தாளுக்கு அஞ்சவில்லை, தாளைச் சுற்றிக் கூடும் தலைகளுக்கு அஞ்சிற்று.

வழக்கறிஞர் டேனியல் ஓ'கானல் இதை உணர்ந்தார். 1823-ல் கத்தோலிக்கச் சங்கம் கண்டார். 1824-ல், திங்களுக்கு ஒரு பென்னி கொடுப்பவன் எவனும் சங்கத்தோடு இணையலாம் என்றார். சீமான்களின் மனுவிலே கூலிக்காரனும் பங்காளியானான். அந்தப் பணம் மனுக்களுக்கும், மாஜிஸ்டிரேட்டுகளின் கொடுமையை எதிர்த்து வழக்காடவும், ஏடுகளுக்கும், கல்விக்கும் என வகுக்கப்பட்டது. 1825-ல் சங்கத்தைத் தடை செய்தனர். புதிய பெயருடன் அது எழுந்தது. 1828 ஜனவரி 13-ம் நாள், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களில் ஒரே நேரத்தில் கூட்டங்கள், ஒரே கோரிக்கை. அதே ஆண்டு ஜூலையில் கிளேர் தொகுதியிலே ஓ'கானலுக்கு 2,057 வாக்குகள். எதிர்த்து நின்ற அமைச்சருக்கு 982. நிலக்கிழாரின் கண் முன்னே குத்தகையாளன் அவர் சொல்லை மீறி வாக்களித்தான். 1829 ஏப்ரலில் கத்தோலிக்கர் உரிமைச் சட்டம் நிறைவேறிற்று. கால் நூற்றாண்டாகத் தாளைத் திருப்பி அனுப்பியவர்கள், தலைகளின் எண்ணிக்கையைக் கண்டு கையெழுத்திட்டனர்.

இங்கே நாம் கைதட்டிவிட்டு எழுந்துவிடக் கூடாது. அதே 1829-ல் இன்னொரு சட்டமும் வந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலமுடையவனுக்கிருந்த வாக்குரிமை பறிக்கப்பட்டு, 10 பவுன் என்ற வரம்பு வைக்கப்பட்டது. மாவட்ட வாக்காளர் தொகை இரண்டு இலட்சத்திற்கு மேலிருந்து சுமார் 37,000 ஆகக் குறைந்தது! கிளேரிலே வாக்களித்து வெற்றி தந்தவனின் வாக்குச் சீட்டே அந்த வெற்றிக்கு விலையாயிற்று. வழக்கறிஞரும் வணிகரும் பார்லிமெண்டுக்குள் சென்றனர்; பென்னி கொடுத்தவன் வாயிலில் நின்றான். சங்கக் கூட்டங்கள் கோயில் முற்றங்களிலே நடந்தன, சந்தாவைப் பாதிரிமார் தண்டினர் என்பதையும் மறக்கலாகாது. மதத்தின் பேரால் திரட்டப்பட்ட கூட்டம் மதத்தின் குறையைத் தீர்த்துக்கொண்டது. வயிற்றின் குறை பின்தங்கிற்று.

கேட்டும் கேளாத செவி

கோயில் வரி மட்டும் தொடர்ந்தது. 1831-ல் வரி கொடாப் போர் மூண்டது. மாட்டைப் பிடிக்க வந்த படையோடு மோதல்கள். இரு புறமும் பிணங்கள். 1834 டிசம்பரில் கார்க் மாவட்டம் ராத்கார்மக் அருகே, ஒரு கைம்பெண்ணின் 40 ஷில்லிங் பாக்கிக்காகப் படை சுட்டது. குறைந்தது 12 பேர் மாண்டனர். 1838-ல் வரியில் கால் பங்கைக் குறைத்து, மிச்சத்தை நிலக்கிழாரின் மூலம் வாங்க வகை செய்தனர்.

அந்த ஆண்டுகளிலேதான் ஒரு வியப்பு நிகழ்ந்தது. ஆட்சியே மக்களிடம் சென்று, உங்கள் குறை என்ன என்று கேட்டது! 1833-ல் அமைக்கப்பட்ட வறுமை விசாரணைக் குழு, ஊர் ஊராகச் சென்று, பண்ணையாரையும் பாதிரியாரையும் கூலியாளையும் பிச்சை எடுப்பவனையும் ஒரே அவையிலே வைத்துக் கேட்டது. 23,85,000 பேர் ஆண்டிலே 30 வாரம் துணையின்றித் தவிக்கின்றனர் என்று கணக்கிட்டது. வேலை கொடுங்கள், நிலத்தைத் திருத்துங்கள், ஏழை விடுதிகள் கட்டிப் பயனில்லை என்றது. லண்டன் ஆட்சிக்கு அது இனிக்கவில்லை. ஜார்ஜ் நிக்கோல்ஸ் என்ற அதிகாரியை அனுப்பினர். சில வாரங்கள் சுற்றினார். ஏழை விடுதிகளே போதுமென்றார். 1838-ல் அதுவே சட்டமாயிற்று. மூன்றாண்டு கேட்ட காதை விட, சில வாரம் பார்த்த கண் அவர்களுக்கு உகந்ததாயிற்று, ஏனெனில் அது அவர்கள் காண விரும்பியதைக் கண்டது.

அதே 1838-ல் டிப்பரெரி மாவட்டத்து மாஜிஸ்டிரேட்டுகளும் கோட்டைக்கு எழுதினர். தங்களுள் ஒருவர் கொலையுண்டார், இன்னும் கடுமையான சட்டம் வேண்டும் என்றனர். துணைச் செயலாளர் நாற்காலியில் அப்போது இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் டிரம்மண்டு. குடியானவர்களைக் கூட்டங்கூட்டமாக வெளியேற்றியதன் விளைவை எடுத்துக்காட்டி, சொத்துக்கு உரிமை இருப்பதுபோலவே கடமையும் உண்டு என்று மறுமொழி விடுத்தார். சீமான்கள் திகைத்தனர், கடிதம் கையில் கிடைத்தும் அதைச் சிறிது காலம் வெளியிடாது மறைத்து வைத்தனர். எத்தனையோ ஆண்டுகளாக ஏழையின் தாளுக்குக் கிடைத்துவந்த கடுப்பான மறுமொழி, ஒரு முறை மாளிகைக்கும் கிடைத்தது. ஒரு நல்லவர் நாற்காலியில் அமர்ந்ததால் விளைந்த நன்மை அது. 1840-ல் டிரம்மண்டு மறைந்தார். அந்த நன்மையும் அவரோடு மறைந்தது.

1845-ல் கிழங்கிலே கருநோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் நாட்டைவிட்டு ஓடினர். வறுமை விசாரணைக் குழு எண்ணிக் காட்டிய மக்கள்தான் அவர்கள். எவரும் சொல்லவில்லை என்று ஆட்சி கூற இயலாது. எண்ணிட்டு, பதிவு செய்து, கட்டிக் கட்டி அடுக்கி வைத்திருந்தார்களே!

1922-ல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. நூற்றாண்டுகளின் ஏடுகள் சாம்பலாயின. 1836-க்கு முந்திய நாடுகடத்தல் பதிவேடுகளும் அதில் அழிந்தன. கோட்டையில் தனியே இருந்த மனுக் கட்டுகள் தப்பின. அவற்றுள் நாடு கடத்தப்பட்டோர் பற்றிய தாள்களின் படச்சுருளை 1988-ல் அயர்லாந்து அரசு ஆஸ்திரேலியாவிற்கு அன்பளிப்பாக அளித்தது. கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தம் முன்னோரைத் தேடுவது, தள்ளுபடி செய்யப்பட்ட அந்தத் தாள்களில்தான்.

தோழர்களே! குறை தீர்க்க வேண்டுமென எழுதுங்கள், எழுதுவது இழிவன்று. எழுதாத கொடுமை நடவாத கொடுமையாகிவிடும். ஆனால் தனித்து எழுதியவனுக்கு அயர்லாந்திலே கிடைத்தது கருணையோ கப்பலோ. ஆரூடம் பார்த்தவனுக்குக் கிடைத்தது ஏமாற்றம். சேர்ந்து நின்று கேட்டவனுக்கு உரிமை கிடைத்தது. சேர்ந்து நின்றும் விழிப்பை விட்டவனிடமிருந்து பாதி உரிமை பறிபோயிற்று. நான்கையும் நினைவிற்கொண்டு எழுதுங்கள். கையெழுத்திடும்போது, பக்கத்து வீட்டானையும் அழைத்துக்கொள்ளுங்கள்.